முதல் ரோபோவுக்கு ஊனோவே போதும்

புதிதாக ரோபோ செய்பவர்கள், எளிய ஆர்டுயினோ ஊனோ போர்டை விட்டுவிட்டு, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டு போர்டை நேராக வாங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. சேலம் அஸ்தம்பட்டியில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தடையைக் கண்டால் நிற்கும் வண்டி ஒன்றை என் மகள் செய்தாள். அவளிடம் இருந்த, ஒலி அலையால் தூரத்தை அளக்கும் மீயொலி சென்சாரின் எக்கோ முனை (போர்டுக்குச் சிக்னல் அனுப்பும் முனை) 5 வோல்ட் தருகிறது. ஈஎஸ்பி32 முனைகளோ 3.3 வோல்ட்டுக்கானவை. வோல்ட்டைக் குறைக்க இடையில் இரண்டு ரெசிஸ்டர் வைக்க வேண்டும் என்று தெரியாமல் நேரடியாக இணைத்துவிட்டாள். ஈஎஸ்பி32-இன் அந்த முனை பழுதாகிவிட்டது; பிள்ளையின் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 இயங்குவதே 5 வோல்ட்டில்தான்; அதனால் இந்த சென்சாரை நேரடியாகவே இணைக்கலாம். நினைவகம் வெறும் 2 கிலோபைட், ஆனால் இந்த வேலைக்கு அது தாராளம். வைஃபை தேவைப்படும்போது ஈஎஸ்பி32-க்கு மாறிக்கொள்ளலாம். மோட்டாருக்குத் தனி பேட்டரி வையுங்கள், கிரவுண்ட் (மைனஸ்) கம்பியை மட்டும் பொதுவாக இணையுங்கள். தனி பேட்டரி இல்லையென்றால் சக்கரம் சுழலத் தொடங்கும்போதே போர்டு ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும்.