மலைக் குப்பை கடலுக்குப் போகாதா?

மேல ஒருத்தர் போட்டு நிறைய பேர் ஷேர் பண்ணிருக்கது இதுதான்: நீலகிரி கடலுக்கு ரொம்ப தூரம், இங்க போடுற பிளாஸ்டிக் இங்கயேதான் கிடக்கும், கடல் குப்பை கடற்கரை ஊர்க்காரங்க பிரச்னை. தப்பா எடுத்துக்காதீங்க சார், அது சரி இல்ல.

பைக்காரா ஆறுதான் கீழ போகப்போக மோயார்னு பேரு மாறி, முதுமலை தெப்பக்காடு வழியா இறங்கி பவானிசாகர் போகுது, அங்கிருந்து பவானி, கூடுதுறையில காவிரி, கடைசில பூம்புகார்ல வங்கக்கடல். கூடலூர்ப் பக்கம் கதையே வேற, பாண்டியாறு மேற்கால கேரளாவுக்குள்ள போய் புன்னம்புழாவோட சேந்து சாலியார்ல கலந்து, கோழிக்கோடு பக்கத்துல பேப்பூர்ல அரபிக்கடலுக்குப் போயிடுது. ஒரே மாவட்டம், ரெண்டு கடல்!

போடுற எல்லாமே கடல் வரைக்கும் போயிடும்னு நான் சொல்லல. பாதி புதர்லயும் கரையிலயும் மாட்டிக்கும், அணையிலயும் தங்கும். ஆனா அங்கயே வெயில்ல காஞ்சு துகள் துகளா உடைஞ்சா அடுத்த மழைக்கு அந்தத் தூள் இன்னும் சுலபமா அடிச்சுட்டுப் போகும்ல.

என்னை நம்ப வேணாம். கூகுள் மேப்ஸ்ல சேட்டிலைட் வியூ போட்டு பைக்காரா அணையில விரல வெச்சு தண்ணி போற வழியிலயே நகத்திட்டுப் போங்க, பத்து நிமிஷம்கூட ஆகாது (நடுவுல அணை வந்தா தாண்டி அந்தப் பக்கம் தேடணும்). இல்லேன்னா ஒரு நல்ல மழை விட்டதும் உங்க வீட்டுப் பக்கத்து ஓடைக்குப் போய் ரெண்டு கரையிலயும் செடில என்ன தொங்குதுன்னு பாருங்க, சிப்ஸ் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் தானா நடந்து வந்திருக்காது.