ஆய்வில் "பங்கேற்றேன்" என்றால் என்ன செய்தீர்கள்?

ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவர்களின் சிறப்புத்துறைப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால், "அக்கா, என் சிவியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று தம்பி தங்கைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். பார்ப்பதில் சந்தோஷம்தான். ஆய்வு அனுபவம் என்ற பகுதிக்கு வரும்போதுதான் எரிச்சல் வருகிறது.

வெளிவந்த கட்டுரை, ஜர்னலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது, இன்னும் ஒரு வரிகூட எழுதாதது எல்லாம் ஒரே பட்டியலில் கிடக்கும். வெளிவந்ததற்கு டிஓஐ எண்ணை (இணையத்தில் கட்டுரையைக் கண்டுபிடிக்க உதவும் அடையாள எண்) போடுங்கள். ஏற்கப்பட்டது, பரிசீலனையில் இருப்பது, மாநாட்டுப் போஸ்டர், இவற்றைத் தனித்தனியாகப் பிரியுங்கள். "தயாரிப்பில்" என்பதை எடுத்தே விடலாம்.

எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை ஏன் வருகிறது என்பது புரிகிறது. சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பெரும்பாலும் ஆய்வுக்கே போகிறது. மற்ற கல்லூரிகளின் ஐந்து வருட மருத்துவப் படிப்பில் இருப்பவர்கள் வார்டுக்கும் தேர்வுக்கும் நடுவே நேரம் தேட வேண்டும். பட்டியல் நீளத்தில் போட்டி போட்டால் தோற்கத்தான் செய்வார்கள். போட்டி போட வேண்டியது அங்கே இல்லை என்பதுதான் என் கட்சி.

"ஆய்வில் பங்கேற்றேன்" என்று எழுதுகிறார்கள். ரத்தம் கொடுத்த நோயாளியும் பங்கேற்றவர்தானே! எத்திக்ஸ் விண்ணப்பத்தை எழுதினீர்களா? பழைய கேஸ் கோப்புகளிலிருந்து டேட்டா எடுத்தீர்களா? எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்குப் போட்டது யார்? அதை எழுதுங்கள். முடிவு எதிர்பார்த்தபடி வராமல் பேப்பராகாத ப்ராஜெக்ட்டையும் எழுதலாம். நேர்முகத்தில் "ஏன் அந்த நோயாளிகளை மட்டும் எடுத்தீர்கள்?" என்று கேட்டால் உங்களால் விளக்க முடியும். ஏழாவது பெயராக ஒட்டிக்கொண்ட பேப்பரில் முடியுமா?

கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் போடுவதற்கும் விதி இருக்கிறது. ஐசிஎம்ஜேஈ என்ற மருத்துவ ஜர்னல் ஆசிரியர் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். டேட்டா மட்டும் எடுத்துக் கொடுத்தால் நன்றி வரியோடு சரி. ஆனால் அதே விதி, முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்தவருக்கு மற்றவற்றில் சேரவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகள் பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கியே இதை விட்டுவிடுகிறார்கள். வேலை தொடங்கும்போதே, "புரொஃப், மெதட்ஸ் பகுதியின் முதல் டிராஃப்டை நான் எழுதட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அவர்களுக்கும் வேலை குறைகிறதே. மறுத்தால் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு வேறு சூப்பர்வைசரைத் தேடுங்கள்.