எல்லாளன் பற்றி ஒரு திருத்தம்

இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம், அந்நாட்டை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைக் கொடுங்கோலன் என்றே சொல்வதாக மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது சரியில்லை, தம்பி. 21ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். சோழநாட்டிலிருந்து வந்து 44 ஆண்டுகள் ஆண்டவன், வழக்கு என்று வந்தால் நண்பன் பகைவன் பாராதவன் என்று அதில் இருக்கிறது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்கு மரணதண்டனை, தாய்ப்பசு இழுத்த மணி எல்லாம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சின்ன வயதில் கேட்ட அதே மனுநீதிச் சோழன் கதை! வேற்றுச்சமயத்தவன் என்ற குறையையும் நூல் சொல்கிறதுதான். ஆனாலும் 25ஆம் அத்தியாயத்தில், அவனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவே அவன் நினைவிடத்தை வழிபட ஆணையிடுகிறான். அரசியல் மேடைக்கு ஒரு எதிரி தேவைப்படும்போது இந்தப் பக்கங்கள்தான் விடுபட்டுப் போகின்றன. மகாவம்சத்துக்கு வில்ஹெல்ம் கைகர் என்ற அறிஞர் செய்த 1912 ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த இரண்டு அத்தியாயங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள்.