இலையை விலக்கினாலும் தொந்தரவுதான்

"பறவைக் கூட்டைத் தொடாமல், மறைக்கிற இலைகளை மட்டும் ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தால் தப்பில்லை, சட்டம் வேட்டையைத்தானே தடுக்கிறது" என்று, கூட்டின் படம் ஒன்றைப் போட்ட நண்பர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(16)ஐப் பாருங்கள். காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதையும் அது வேட்டை என்றே சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள். அந்த இலைகள்தான் குஞ்சுகளுக்கு நிழல், காக்கையின் கண்ணில் படாமல் காப்பதும் அவைதான். கொண்டைக்குருவி வீட்டுத் தோட்டத்துச் செடியில் கை எட்டும் உயரத்தில்கூடக் கூடு கட்டும். கிளையை இழுத்துக் கட்டிவிட்டு அரைமணி நேரம் கேமராவோடு நின்றால், தாய்ப்பறவை அலகில் புழுவோடு பக்கத்துக் கம்பியிலேயே தவிக்கும், கூட்டுக்கு வராது. இறகு முளைக்காத குஞ்சு மே மாத வெயிலை எவ்வளவு நேரம் தாங்கும்? நாம் திறந்துவிட்ட வழியில் பிறகு காக்கையும் வரலாம்.

கொஞ்ச நாள் பொறுங்கள். குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்தபின்னும் தாய் இரை ஊட்டும். சிறகை உதறி அவை வாய்பிளந்து கேட்பதைத் தூரத்திலிருந்தே எடுக்கலாம், கூட்டுப் படத்தைவிட எனக்கு அதுதான் அழகு.

அப்புறம் நண்பரே, கூடு இருக்கும் இடத்தையும் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றே நீக்கிவிடுங்கள்.