கூலிக்குச் செங்கொடி, ஓட்டுக்கு வேறு கொடி

"ஜனங்கள் சுயநலமாகிவிட்டார்கள். அதனால்தான் இடதுசாரிகளுக்கு ஓட்டு விழுவதில்லை." தோழர்கள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோவை சிங்காநல்லூரில் ஆலைச் சங்குச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா மில் தொழிலாளி, கடைசிவரை செங்கொடிச் சங்கத்துக்காரர். அந்த மக்கள் மேல் இவ்வளவு சுலபமாகப் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிலவரம் மோசம் என்பதில் சந்தேகமில்லை. கம்யூனிஸ்டுகளான பார்வதி கிருஷ்ணனையும் கே.ரமணியையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கோவை இது. 2016 சட்டமன்றத் தேர்தலில் திமுக, அதிமுக துணையில்லாமல் நின்றபோது இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டில் எதுவும் 1 சதவீத ஓட்டைத் தொடவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இரு கட்சிகளும் சேர்ந்து வென்றது 6 இடங்கள். அதில் 4 தமிழ்நாட்டில், அதுவும் திமுக கூட்டணியில்.

ஆனால் மாறியது என்ன? மில் வெறும் வேலை செய்யும் இடமாக இருக்கவில்லை. ஒரே ஷிப்ட், ஒரே பஞ்சப்படி (அகவிலைப்படி), ஒரே போனஸ் பேச்சுவார்த்தை. ஒருவனை வேலைநீக்கம் செய்தால் கேட்டில் எல்லோரும் நின்றார்கள். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளிகளான சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரின் பெயரை எங்கள் வீட்டில் மாமன் மச்சான் பெயரைப் போலச் சொல்வார்கள். 'நாம்' என்ற உணர்வை அந்த மில்தான் தந்தது. மில் மூடியதும் அந்த 'நாம்' கலைந்துவிட்டது. சங்கத்துக்காரர்களின் பிள்ளைகளில் ஒருவர் ஆட்டோ ஓட்டினார், ஒருவர் தறி போட்டார், ஒருவர் திருப்பூருக்குப் போனார்.

திருப்பூருக்குப் போனவர் என் பெரியப்பா மகன். பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவியாகக் கைமடித்துத் தொடங்கி, பவர் டேபிள் டெய்லராகி, பின்பு கடன் வாங்கிப் பத்து மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப்வொர்க் எடுத்தார். ஏற்றுமதிக் கம்பெனி பீஸுக்கு ஐம்பது காசு குறைத்தால் அந்த மாத வட்டிக்கே தடுமாறுவார். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டுமே என்று வெள்ளி இரவு தூங்க மாட்டார். "சங்கத்துத் தோழர்கள் நல்லவர்கள்தான் தம்பி, ஆனால் அவர்கள் கணக்கில் நான் முதலாளி. பேங்க் கணக்கில் நான் கடன்காரன்" என்றார் ஒருமுறை. சொந்தக் காலில் நிற்க வேண்டும், யாரிடமும் கைகட்டி நிற்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஆசை. இதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? கைகட்டி நிற்காதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே செங்கொடிதானே!

அதே திருப்பூரில் இன்று தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். வடமாநிலத்திலிருந்து வந்தவர்களும் ஏராளம். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. உழைப்பவர் ஓர் ஊரிலும் அவருடைய ஓட்டு இன்னோர் ஊரிலும் கிடக்கின்றன. இதை மனமாற்றக் கணக்கில் எழுதக் கூடாது.

இப்போது கீழத்தஞ்சையை, அதாவது இன்றைய நாகை, திருவாரூர் பகுதியைப் பாருங்கள். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் அங்கே விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. பண்ணையார்களின் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையும் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். நெல்லும் மானமும் ஒரே கோரிக்கையில் இருந்தன. அதற்கு அந்த மக்கள் கொடுத்த விலை 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 உயிர்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் 2021இல் கீழ்வேளூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் கம்யூனிஸ்டுகள் வென்றார்கள். கூட்டணி உதவியது, உண்மைதான். ஆனால் கூட்டணியில் தொகுதி கேட்டு வாங்கும் அளவுக்கு அங்கே சொந்த வேர் இருக்கிறது.

கோவை மில்லில் போராட்டம் பெரும்பாலும் கேட்டுக்கு உள்ளேயே நின்றது. தோளோடு தோள் நின்றவர்கள் ஷிப்ட் முடிந்து அவரவர் சாதித் தெருவுக்குத் திரும்பினார்கள். வீட்டில் பெண் பார்ப்பதும் சீர் செய்வதும் பழையபடியே நடந்தன. மில் போன பின் மிஞ்சியது அந்தத் தெருதான். சாதிச் சங்கமும் கோயில் கமிட்டியும் அங்கே காத்திருந்தன. என் வாதம் இதுதான்: கூலியை மட்டும் பேசிய இடத்தில் கூலி வேலையோடு கொடியும் போனது. மரியாதையையும் சேர்த்துப் பேசிய இடத்தில் கொடி நிற்கிறது.

இந்த மரியாதைப் பசி இன்றைய இளைஞர்களுக்கு இன்னும் அதிகம். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று நிர்வாகம் அறிவித்த பிறகும் அவர்கள் உடனே திரும்பவில்லை. எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. முப்பத்தேழு நாள் நின்றார்கள். சங்கத்தின் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. இந்தத் தலைமுறைக்குப் போராட்டம் பிடிக்காது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மரியாதைக்காக நிற்பதால் ஓட்டு குறையும் இடங்களும் உண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008இல் மார்க்சிஸ்ட் கட்சி போராடித் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை இடிக்க வைத்தபோது ஆதிக்கச் சாதியினர் குடும்ப அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போனார்கள். 2024 ஜூனில் பாளையங்கோட்டையில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்துக்குத் துணை நின்றதற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகமே அடித்து நொறுக்கப்பட்டது. அந்தக் கண்ணாடிச் சில்லுகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. வேறு எந்தக் கட்சி அலுவலகத்துக்கு ஒரு காதல் ஜோடி நம்பி ஓடும்?

அதனால் கொங்குப் பகுதித் தோழர்களிடம் நேராகவே கேட்கிறேன். பனியன் கம்பெனிகளில் சட்டப்படி இருக்க வேண்டிய பாலியல் புகார்க் குழுக்கள் எத்தனை இடத்தில் உண்மையில் கூடுகின்றன? கழிப்பறைக்குப் போனால் நேரம் குறித்து வைக்கும் சூப்பர்வைசரைப் பற்றி ஒரு பெண் யாரிடம் சொல்வாள்? விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே விடாத கம்பெனி வாசலில் கடைசியாக எப்போது கொடி பிடித்தோம்? ஜாப்வொர்க் எடுத்துக் கடனில் சாகும் என் அண்ணனைப் போன்றவர்களை எதிரி வரிசையில் வைக்காமல் பேச ஒரு மேடை உண்டா? பஞ்சப்படிப் பேச்சுவார்த்தைக்கு இணையாக இவையும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் முதல் பக்கத்தில் வரட்டும். அந்தப் பட்டியலை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, ஊருக்கு ரயில் ஏறுபவர்கள் கையிலும் கொடுங்கள்.