கோல்கை இல்லைனா ஒரு மார்க் போகும் மாமா

அக்கா பொண்ணு சயின்ஸ் நோட்டை தூக்கிட்டு வந்தா, அடுத்த வாரம் டெஸ்டாம், செல் பாடம். விலங்கு செல் படத்தை கலர் பென்சில்ல வரைஞ்சு சுத்தி அம்புக்குறி போட்டு பேரெல்லாம் எழுதி வச்சிருக்கா, ஒப்பிக்க சொன்னா ஒரு தப்பு இல்ல. மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம், ரைபோசோம் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் தற்கொலைப் பை. சரிடா கண்ணு, படத்துல கோல்கைனு ஒரு பாகம் குறிச்சிருக்கியே, அது இல்லைனா செல்லுக்கு என்ன ஆகும்னு கேட்டேன். "ஒரு மார்க் போகும் மாமா"னுட்டா.

சிரிப்பு வந்துச்சு, ஆனா அவளை சொல்லி என்ன பண்றது. நானும் அப்படித்தான் படிச்சேன், நீங்களும் அப்படித்தான் படிச்சிருப்பீங்க. என்னை கேட்டா முதல் நாளே அந்த பாகம் குறிக்கிற படத்தை பசங்க கண்ணுல காட்டவே கூடாது. ஒரே ஒரு செல்லை எடுத்துக்கிட்டு, அது பாக்குற ஒரே ஒரு வேலையை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கதையா சொல்லணும், பேரு எல்லாம் வழியில தானா வந்து சேரும்.

அவளுக்கு கணையத்துல இருக்குற பீட்டா செல்லை எடுத்துக்கிட்டேன். அதோட வேலை இன்சுலின்ங்கற புரதத்தை செய்யறது. இன்சுலினை எப்படி செய்யணும்ங்கற குறிப்பு உட்கருவுக்குள்ள டி.என்.ஏ.ல இருக்கு. அந்த டி.என்.ஏ. மொத்தத்தையும் நீட்டினா கிட்டத்தட்ட 2 மீட்டர் வரும், அது சுருண்டு கிடக்குற உட்கருவோ ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூட இல்லை. ஒரிஜினலை வெளிய விடமாட்டாங்க, தேவையான பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து உட்கரு சவ்வுல இருக்குற ஓட்டை வழியா அனுப்புவாங்க, அதுதான் ஆர்.என்.ஏ. அதை ரைபோசோம் படிச்சு படிச்சு, புரதத்துக்கு மணி மாதிரி இருக்குற அமினோ அமிலத்தை ஒவ்வொண்ணா கோர்க்கும், கோர்க்க கோர்க்க அந்த சங்கிலி எண்டோபிளாச வலைங்கற சவ்வு மடிப்புக்குள்ள இறங்கி அங்க மடிஞ்சு உருவத்துக்கு வரும். அங்க இருந்து சின்ன சின்ன சவ்வுப் பையில ஏறி கோல்கைக்கு போகும், கோல்கை அதை தரம் பிரிச்சு வெளிய போகவேண்டிய பையில அடைக்கும், அந்தப் பைக்குள்ள வச்சு நடுவுல இருக்குற வேண்டாத துண்டை வெட்டி எடுத்தா மிச்சம் இருக்குற 51 அமினோ அமிலம்தான் இன்சுலின். பை எல்லாம் ரெடியா செல் சவ்வு பக்கத்துல காத்திருக்கும்.

இங்க நிறுத்திட்டு, எப்ப வெளிய விடணும்னு அதுக்கு எப்படி தெரியும்னு கேட்டேன். முழிச்சா. ரத்தத்துல சர்க்கரை ஏறினா அந்த செல்லுக்குள்ளயும் சர்க்கரை கூடுதலா நுழையும், மைட்டோகாண்ட்ரியா அதை எரிச்சு ஏ.டி.பி. ஆக்கும், அதான் செல் செலவு பண்ற ஆற்றல் காசு, ஏ.டி.பி. ஏறினதுதான் சிக்னல், உடனே பை எல்லாம் செல் சவ்வோட ஒட்டி திறந்து இன்சுலினை வெளிய கொட்டும். ஆற்றல் நிலையம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டோமே, அந்த ஆளு இங்க சர்க்கரை அளக்குற வேலையும் சேர்த்து பாக்குறாரு!

இந்த ரூட்டு நான் கண்டுபிடிச்சது இல்லைங்க. ஜார்ஜ் பலாடேனு ஒரு விஞ்ஞானி கணைய செல்லுல புரதம் எந்த வழியா போகுதுனு இப்படித்தான் படிப்படியா பின்தொடர்ந்து பாத்தாரு, அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் சேர்த்து 1974ல நோபல் பரிசு கொடுத்தாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் லைசோசோமை கண்டுபிடிச்ச கிறிஸ்டியன் டி டுவே. கண்டுபிடிச்சவங்களே ஒரு வேலையை துரத்திக்கிட்டு போய்தான் பாகங்களை புரிஞ்சுக்கிட்டாங்க, நாம மட்டும் பசங்களுக்கு நேரா பட்டியலை நீட்டுறோம்.

கோல்கை கதை இன்னும் சுவாரசியம். இத்தாலிக்காரர் கமில்லோ கோல்கி 1898ல நரம்பு செல்லுல வெள்ளி உப்பு போட்டு சாயமேத்தி பாத்தப்போதான் அது கண்ணுல பட்டுச்சு. நிறைய பேர் நம்பல, அது சாயத்தால வந்த கோளாறுன்னாங்க, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து 1950கள்ல தெளிவா காட்டுற வரைக்கும் சண்டை ஓஞ்சபாடில்ல. அரை நூற்றாண்டு சண்டை ஒரு அம்புக்குறியா நோட்டுல உக்காந்திருக்கு.

அப்புறம் இந்த தற்கொலைப் பை. அது தினமும் பாக்குற வேலை செல்லுக்குள்ள பழசான பாகங்களை உடைச்சு திரும்ப பயன்படுற மாதிரி பிரிச்சு கொடுக்குறது. இப்படி செல் தன்னையே கொஞ்சம் கொஞ்சமா தின்னு சுத்தம் பண்ணிக்கிறதை ஆராஞ்சதுக்குத்தான் 2016ல யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைச்சுது. பேரை கேட்டா என்னவோ சாகறதுக்காகவே செல்லுக்குள்ள குண்டு வச்சிருக்குற மாதிரி இருக்கு.

படத்துல இன்னொரு பொய்யும் இருக்கு. தட்டையா, நடுவுல நிறைய காலி இடத்தோட வரையறோம். நிஜத்துல உள்ள நெரிசல் தாங்காது, எதுவும் ஒரு இடத்துல சும்மா நிக்காது. காலி ரூம் மாதிரி தெரிஞ்சது ராபர்ட் ஹூக்குக்குத்தான், 1665ல அவர் பாத்தது செத்துப்போன தக்கை, உள்ள இருந்ததெல்லாம் போய் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது, அதனாலதான் சின்ன அறைன்னு அர்த்தம் வர்ற செல்ங்கற பேரை வச்சாரு.

வாத்தியாருங்களை குறை சொல்லல, பரீட்சையில பாகம் குறின்னுதான் கேக்குறாங்க, பேரும் தெரிஞ்சிருக்கணும்தான். வரிசையை மாத்துங்கன்னு மட்டும்தான் சொல்றேன்.

எல்லாம் கேட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு அவளே வந்தா. "மாமா, ரத்த சிவப்பணுல உட்கருவே இல்லைனு மிஸ் சொன்னாங்களே, அப்ப அது ஜெராக்ஸுக்கு எங்க போகும்?" போகாதும்மா, உட்கரு மட்டுமில்ல, மைட்டோகாண்ட்ரியாவும் இல்ல, அதையெல்லாம் ஒழிச்சுட்டு அந்த இடத்துல ஹீமோகுளோபினை அடைச்சு வச்சிருக்கு, ரிப்பேர் பண்ண புது புரதம் செய்ய முடியாது, சுமார் 120 நாள் ஓடி தேஞ்சு போயிடும்னேன். கொஞ்சம் யோசிச்சா. "மைட்டோகாண்ட்ரியா இல்லாததும் நல்லதுதான் மாமா, இருந்தா தூக்கிட்டு போற ஆக்சிஜனை வழியிலேயே அதுவே காலி பண்ணிடும்ல?"

அதை நான் சொல்லிக் கொடுக்கலைங்க.