எழுதினால் நோய் வளராது அத்தை

எனக்கு இருப்பது லிம்ப் கர்டில் வகைத் தசைச்சிதைவு. இடுப்பும் தோளும்தான் முதலில் பலம் இழக்கும். மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பாது. என்னென்ன குறைகிறது என்று நான் நோட்டில் எழுதி வைப்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "எழுதி எழுதியே வரவழைச்சுக்காதே" என்கிறார் அத்தை. இது மரபணுக் கோளாறு அத்தை, நோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எதை எழுதுவது என்பதில்தான் விஷயம்.

ஆஸ்பத்திரியில் தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நரம்பில் அடிபட்டவர்களுக்காக பிரிட்டனில் வந்த முறை. அதில் 4 என்பது பெரிய மைதானம். டாக்டரின் கையைக் கொஞ்சம் எதிர்த்துத் தள்ளினாலும் 4, நன்றாகவே தள்ளினாலும் 4. என் தொடை பல வருடமாக 4-லேயே இருந்தது. அதற்குள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது போச்சு, இந்தியன் டாய்லெட் போச்சு, ஷேர் ஆட்டோவும் போச்சு. ஃபைலைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை! ஆறு நிமிட நடைச் சோதனையும் சமதரையில்தான். தண்டையார்பேட்டைச் சந்தில் சமதரைக்கு எங்கே போவது? ரோடு போடப் போட தெரு உயர்கிறது, மழைத்தண்ணீருக்குப் பயந்து நாங்கள் வாசல்படியை உயர்த்துகிறோம்.

அதனால் என் நோட்டில் வேறு விஷயங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, மாடிப்படியில் கைப்பிடிக்கு ஒரு கை போதுமா, விழுந்தால் எங்கே, எப்படி எழுந்தேன். மாதம் ஒருமுறை போதும். தினமும் சோதித்துப் பார்ப்பது வேண்டாத வேலை. காய்ச்சல், வெயில், முந்தின நாள் கல்யாண அலைச்சல் எல்லாமே அன்றைய பலத்தை மாற்றும். இன்னும் முடிகிறதா என்று களைத்து விழும்வரை செய்து பார்ப்பது தசைக்கும் நல்லதில்லை.

முக்கியமானது மூச்சு. கால் குறைவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. நடையே குறைந்துபோன உடம்பு மூச்சு வாங்கும் அளவுக்கு வேலை செய்வதில்லை. காலையில் தலைவலி, ராத்திரி அடிக்கடி விழிப்பு, பகலில் தூக்கம், மல்லாந்து படுத்தால் ஒரு மாதிரி திணறல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். குழாயில் ஊதும் சோதனையை உட்கார்ந்தும் படுத்தும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுக்கும்போது அளவு நிறையக் குறைந்தால் மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் தளர்கிறது என்று அர்த்தம். சில மரபணு வகைகளில் இதயத்தையும் விடாமல் பார்க்க வேண்டும்.

அப்புறம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் விவகாரம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு தனி வகையாகவே பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் மறுமதிப்பீட்டுக்குப் போனால், "போன தடவை நல்லா நடந்தீங்களே" என்ற கேள்வி வரத்தான் செய்யும். தேதி போட்ட குறிப்பு இருந்தால் பதில் சொல்வது சுலபம்.

நோட்டைப் பார்த்துத்தான் மாடி வீட்டைக் காலி செய்ய முடிவெடுத்திருக்கிறோம். தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை பக்கம் கீழ்வீடு, மழைக்குத் தண்ணீர் உள்ளே வராதது, அதே சமயம் வாசலில் படி குறைவாக இருப்பது. இரண்டும் சேர்ந்து அமைவது கஷ்டம்தான். தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.